குண்டுக்கு யார் காசு கொடுத்தது?

2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து துப்பாக்கி சுடப் போனவர்கள் 21 பேர். அதில் மூன்று பேரைப் பற்றிச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முதலாமவர் பிரித்விராஜ் தொண்டைமான். புதுக்கோட்டை ராஜ குடும்பம். திருச்சி மேயராக இருந்த சாருபாலா தொண்டைமானின் மகன் என்றால் நம் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். பறக்கிற களிமண் தட்டைச் சுடும் டிராப் போட்டிக்குப் போனார். இரண்டாமவர் ஸ்வப்னில் குசாலே. கோலாப்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமம், மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை. 50 மீட்டர் ரைபிளில் வெண்கலத்தோடு திரும்பினார். மூன்றாமவர் இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து, சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தோடு அகமதாபாத் போய் அங்கேயே வளர்ந்த பெண். அதாவது உங்கள் வீட்டையும் என் வீட்டையும் போல, பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை.

ராஜா வீட்டுப் பிள்ளை துப்பாக்கி பிடிப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. டிக்கெட் பரிசோதகர் எப்படிப் பிடித்தார்? மாதச் சம்பளக் குடும்பங்கள் எப்படிப் பிடிக்கின்றன? போட்டிக்கு லாயக்கான ஒரு ஏர் ரைபிள் இரண்டு லட்சத்தைத் தாண்டும். ஊரார் வரவு செலவைப் பார்த்தே காலம் தள்ளுகிற என்னைப் போன்ற வங்கிக்காரனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம். கொஞ்ச நாளாக இதைத் துருவிக்கொண்டிருந்தேன். துருவத் துருவ, நான் தவறான பொருளின் விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்ற ஆரம்பித்தது.

பி.காம். படித்தவன், எனவே தேய்மானத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரைபிள் இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆஸ்திரியாவின் ஸ்டைர் எல்லாம் ஒழுங்காகப் பராமரித்தால் பத்து வருஷம் உழைக்கும் சாமான்கள். பத்தாவது வருஷம் பாதி விலைக்கு விற்றாலும் வருஷத் தேய்மானம் 12,500 ரூபாய்தான். மாதம் ஆயிரத்துச் சொச்சம். வீட்டுக் கேபிளையும் இன்டர்நெட்டையும் சேர்த்தால் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும்.

இப்போது குண்டு. ஏர் ரைபிளுக்குப் போடுவது பெல்லட் என்கிற 4.5 மி.மீ. ஈயக் குண்டு. ஒரு டப்பாவில் 500 இருக்கும். ஒரு பிள்ளை நாளைக்கு நூறு வீதம் வருஷத்தில் 250 நாள் சுட்டால் 25,000 குண்டு, அதாவது 50 டப்பா. டப்பா ஆயிரம் ரூபாய் என்றால் வருஷம் ஐம்பதாயிரம். தேய்மானத்தைப் போல நாலு மடங்கு! அதுவும் இருப்பதிலேயே மலிவான பிரிவில். குசாலே சுடும் .22 தோட்டாவை ஒன்று இருபது ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் அதே 25,000-க்கு ஐந்து லட்சம். தொண்டைமான் சுடும் டிராப்புக்குத் தோட்டாவோடு உடைகிற தட்டுக்கும் காசு. சேர்த்து ஐம்பது ரூபாய் என்று வையுங்கள், பன்னிரண்டரை லட்சம். (ஒரு தட்டுக்குத் தகுதிச் சுற்றில் இரண்டு முறை சுடலாம். முதல் குண்டு தவறினால் செலவு இன்னும் ஏறும்.)

ஆக துப்பாக்கி என்பது வீடு கட்டுவது மாதிரி, ஒரு முறை பல்லைக் கடித்துக்கொள்ளலாம். குண்டு என்பது அரிசி மாதிரி. தினமும் வேண்டும். ஒருவன் எப்படித் துப்பாக்கி வாங்கினான் என்று கேட்பதை விட, அவன் குண்டுக்கு யார் காசு கொடுத்தது என்று கேட்டால் வரலாறு தானாகத் திறந்துகொள்கிறது.

நம் ஊரில் சாதாரண ஆள் கையிலிருந்து ஆயுதம் போனதற்குத் தேதியே உண்டு. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (அந்த ராபர்ட் கிளைவின் மகனேதான்) ஒரு பிரகடனம் போட்டார். தெற்குச் சீமைகளில் இனி யாரும் ஆயுதம் வைத்துக்கொள்ளக் கூடாது, கோட்டைகள் இடிபடும். தமிழ்நாட்டுப் பாளையக்காரர் சரித்திரம் அதோடு முடிந்தது. கம்பெனிக்குத் துணை நின்ற தொண்டைமான்களின் புதுக்கோட்டை மட்டும் சமஸ்தானமாகத் தப்பியது. இருநூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து அந்த வீட்டுப் பிள்ளை பாரிஸில் துப்பாக்கியோடு நிற்பதை வைத்து யாரையும் குறை சொல்லவில்லை. சரித்திரத்துக்கு நீளமான ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

வடக்கே இதே காரியம் 1857-க்குப் பிறகு நடந்தது. அந்தக் கலகத்துக்கும் நான் குடியிருக்கும் ஊருக்கும் நேரடித் தொடர்பு. கலகக் கைதிகளை அடைக்கத்தான் 1858 மார்ச் 10 அன்று டாக்டர் வாக்கர் 200 பேரோடு இங்கே வந்து இறங்கினார். டெலானிபூர் உள்ளிட்ட போர்ட் பிளேர் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) பிறந்த கதை அதுதான். அதே பயத்தின் இன்னொரு பிள்ளை ஆயுதச் சட்டம். லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878-ல் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். பட்டம் பெற்ற பெரிய மனிதர்களுக்கும் விலக்கு. கூர்க் மக்களுக்கு 1861 முதலே தனிச் சலுகை. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. காங்கிரஸ் மாநாடுகளில் இந்தச் சட்டத்தை எதிர்த்து எத்தனை தீர்மானம்! 1931 கராச்சித் தீர்மானத்தின் அடிப்படை உரிமைகளில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்று என்பது இன்று பலருக்குத் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ராபர்ட்ஸ் பிரபு என்று ஒரு தளபதி. 1857 கலகத்தை அடக்கும் சண்டையில், 1858 ஜனவரியில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர். 1881 முதல் 1885 வரை நம் சென்னை ராணுவத்துக்கே தலைமைத் தளபதி. பிறகு தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு சண்டைக்குப் போனார். அங்கே விவசாயிகள் குறி பார்த்துச் சுட்டு பிரிட்டிஷ் சிப்பாய்களைத் திணறடித்தார்கள். நம் நாட்டு ஆட்களுக்குச் சுடவே தெரியவில்லையே என்று இங்கிலாந்தில் ஒரே கவலை. 1901-ல் உழைக்கும் மக்களுக்கான ரைபிள் கிளப்புகளின் சங்கம் ஒன்று தொடங்கியது. 1903-ல் அது மினியேச்சர் ரைபிள் கிளப்புகளின் சங்கமானது. ராபர்ட்ஸ் ஊர் ஊராக இதற்கு ஆதரவு தேடினார்.

அவர்கள் செய்த தந்திரம் மிக எளிது. பெரிய ராணுவ ரைபிளுக்குப் பதிலாக .22. குண்டு மலிவு, சத்தம் குறைவு, நீண்ட மைதானம் வேண்டாம். சர்ச் கூடமோ சாராயக் கடையின் பின்கட்டோ போதும். துப்பாக்கி கிளப்புடையது, உறுப்பினர் குண்டுக்கு மட்டும் சில்லறை கொடுத்தால் சரி. குமாஸ்தாவும் மில் தொழிலாளியும் சனிக்கிழமை சாயங்காலம் வந்து சுட்டுவிட்டுப் போனார்கள். சுவிட்சர்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே. ராணுவத்தில் இருக்கும் குடிமகன் ரைபிளை வீட்டிலேயே வைத்துக்கொள்வான். வருஷாந்தரக் கட்டாயப் பயிற்சிக்கு ஊர் ரேஞ்சில் சுட வேண்டும், அந்தக் குண்டுக்கு அரசாங்கம் செலவு செய்யும். ஏழை பணக்காரன் வித்தியாசம் இல்லாமல் இந்த விளையாட்டு பரவிய ஊர்களில் எல்லாம் சூத்திரம் இதுதான். துப்பாக்கி பொது, குண்டு மலிவு அல்லது இலவசம்.

அதே காலத்தில் அதே சாம்ராஜ்யத்தில் மெட்ராஸ் குமாஸ்தாவுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். பூஜ்யம். இந்திய ரயில்வேயில் ரைபிள் படைகள் இருந்தன, உண்மைதான். ரயில்வே வாலண்டியர் ரைபிள்ஸ் என்று பெயர். ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய ஊழியர்கள் அதில் சேர்ந்து கம்பெனி நேரத்திலேயே, சர்க்கார் குண்டில் சுட்டுப் பழகினார்கள். பக்கத்தில் சிக்னல் கொடி பிடித்த நம் ஆளுக்கு அது வேடிக்கை மட்டும்தான். ரயில்வே டிக்கெட் பரிசோதகர் ஒருவர் 2024-ல் பதக்கம் வாங்கிய செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான்.

சுதந்திரம் வந்தது. 1951-ல் தேசிய ரைபிள் சங்கம் தொடங்கியது. முதல் தலைவர் அப்போதைய லோக்சபா சபாநாயகர் மாவ்லங்கர். 1959-ல் புதிய ஆயுதச் சட்டம், 1962 முதல் அமல்.  ஆனால் குண்டு வாங்கக் காசு யாரிடம் இருந்தது? மகாராஜாக்களிடம். பிகானேர் மகாராஜா கர்னி சிங் 1960, 64, 68, 72, 80 என்று ஐந்து ஒலிம்பிக்குகளில் டிராப் சுட்டார். 1962-ல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளி. அபாரமான ஆள், சந்தேகமே இல்லை. டெல்லி துக்ளகாபாத் ரேஞ்சுக்கு அவர் பெயர்தான். ஆனால் 1971-ல் மன்னர் மானியத்தை ஒழித்த பிறகும் ஒலிம்பிக் வரை போய்வருகிற வசதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

மகாராஜாவுக்கு அடுத்து குண்டு வாங்கிக் கொடுத்தது ராணுவம். 2004 ஏதென்ஸில் வெள்ளி வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் ராணுவ அதிகாரி. 2012 லண்டனில் வெள்ளி வாங்கிய விஜய் குமார் சுபேதார். மத்தியப் பிரதேசத்தில் மாவ் என்கிற ஊரில் ராணுவத்தின் குறிசுடும் பிரிவு இருக்கிறது. அங்கே பயிற்சி செய்கிற சிப்பாயின் மாதச் செலவில் குண்டு என்கிற வரியே கிடையாது. என் கணக்கில், சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு இந்த நாட்டில் திறந்த முதல் நேர் வழி இது.

நடுவில் 1980-களின் மத்தியில் தனியார் துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்தியது. விளைவு, ஏற்கெனவே உள்ளே வந்திருந்த பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. வெளிநாட்டில் சல்லிசாகக் கிடைக்கிற சாமான் இங்கே பல மடங்கு. சப்ளை இல்லாமல் டிமாண்ட் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று பி.காம். முதல் வருஷத்தில் வரைந்த படம் அப்படியே. தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் இறக்குமதியிலும் சுங்க வரியிலும் சலுகை. ஆனால் தேர்ந்த வீரர் ஆவதற்கே முதலில் துப்பாக்கி வேண்டுமே!

இங்கேதான் அப்பாக்கள் உள்ளே வருகிறார்கள்.

ககன் நாரங், லண்டன் 2012 ஏர் ரைபிள் வெண்கலம். பிறந்தது நம் சென்னையில், வளர்ந்தது ஹைதராபாத்தில். அப்பா ஏர் இந்தியாவில் வேலை. மகனுக்கு ரைபிள் வாங்க அந்தக் குடும்பம் வைத்திருந்த மனையை விற்றது என்பது பல பேட்டிகளில் வந்த கதை. மாதச் சம்பளக்காரனுக்கு ஒரு மனை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2008-ல் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ரா வீட்டிலேயே ரேஞ்ச் கட்டிப் பயிற்சி செய்தவர். இரண்டு பேரும் ஒரே போட்டியில் ஒரே வரிசையில் நின்று சுட்டவர்கள். பிந்த்ராவின் உழைப்பை நான் குறைக்கவில்லை. வீட்டில் ரேஞ்ச் கட்டியவர்கள் எல்லோருக்கும் தங்கம் கிடைத்துவிடவில்லையே.

குசாலேயின் கதையில் குண்டுக்குக் கை மாறிக் கை மாறிக் காசு வருவதைப் பார்க்கலாம். முதலில் மகாராஷ்டிர அரசின் கிரீடா பிரபோதினி என்கிற விளையாட்டுத் திட்டம், 2009-ல் அப்பா சேர்த்துவிட்டார். அப்பா பள்ளி ஆசிரியர். தோட்டா வாங்க அவர் வங்கியில் கடன் எடுத்ததாகப் பதக்கம் வந்த சமயம் பத்திரிகைகள் எழுதின. 2015-ல் ரயில்வே வேலை. ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்துத் தனக்கென்று முதல் ரைபிள் வாங்கினார். அரசாங்கம், அப்பா, ரயில்வே, பிறகு சொந்தச் சம்பளம். வரிசையைக் கவனியுங்கள், துப்பாக்கி கடைசியில்தான் வருகிறது!

இன்றைக்கு அரசாங்கப் பணம் நிறையவே வருகிறது. 2014-ல் ஆரம்பித்த ஒலிம்பிக் பதக்கத் திட்டத்தில் தேர்வானவருக்குப் பயிற்சிச் செலவோடு மாதம் 50,000 ரூபாய் கைச்செலவுக்கு. கேலோ இந்தியா பிள்ளைகளுக்கு மாதம் 10,000. நல்லதுதான். ஆனால் இரண்டுமே கொஞ்சம் உயரம் ஏறின பிறகு கிடைக்கிற ஏணி. பன்னிரண்டு வயதில் ஆசை வந்து, பதினாறு வயதில் பெயர் வெளியே தெரிகிற வரைக்கும் இருக்கிற அந்த நாலு வருஷம் யார் பொறுப்பு? அந்த நாலு வருஷத்துக் குண்டுதான் அம்மா கழுத்திலிருந்து வருகிறது.

மிகைப்படுத்தவில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) நம் ஊர்க்காரர் ஒருவர் நகைக்கடனுக்கு வந்தார். இங்கே அரசாங்க அலுவலகத்தில் வேலை, மகள் மெயின்லேண்டில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள்.

"எதுக்குண்ணே கடன்? காரணம் எழுதணும்."

"பாப்பாவுக்கு ஏர் ரைபிள் சார். கோச்சு சொல்லிட்டாரு, இனிமே சொந்தத் துப்பாக்கி வேணுமாம்."

"சரி, பெல்லட்டுக்கு மாசம் எவ்வளவு ஆகும்னு கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லை. ஜாக்கெட்டைப் பற்றியும் கேட்கவில்லை. கேன்வாஸும் தோலும் வைத்துத் தைத்த விறைப்பான ஜாக்கெட், உடம்பு அளவுக்குப் பொருந்தினால்தான் பிரயோஜனம். வளர்கிற பிள்ளைக்கு இரண்டு வருஷம் வந்தால் பெரிது. கடன் கொடுத்தோம். அவர் எடுத்தது மாதத் தவணை இல்லாமல், வருஷக் கடைசியில் அசலும் வட்டியும் மொத்தமாகக் கட்டுகிற கடன். வங்கி பாஷையில் அதற்குப் பெயர் புல்லட் ரீபேமென்ட். சத்தியமாக அதுதான் பெயர் :-)

துப்பாக்கியை ஈடு வைத்துக் கடன் கேட்டால் எந்த வங்கியும் யோசிக்கும். லைசென்ஸ் உள்ள ஆயுதத்தை லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்குத்தான் மாற்ற முடியும், ஏலம் விட்டு வசூலிக்கிற சரக்கு இல்லை அது. அதனால் கடைசியில் தங்கம்தான் போய் உட்கார்கிறது. பதக்கம் வாங்கிய வீட்டு அப்பாக்களின் கடன் பேப்பரில் வருகிறது. வாங்காத வீடுகளின் கடன் எங்கள் லெட்ஜரில் மட்டும் இருக்கும். அந்தக் குடும்பங்கள் முட்டாள்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மனை விற்றவர் கதையை மட்டும் படித்துவிட்டு மனை விற்கக் கிளம்புவது சரியான கணக்கு இல்லை.

மலிவான வழிகள் இருக்கத்தான் செய்கின்றன. உத்தரப் பிரதேசத்தில் பாக்பத் பக்கம் ஜோரி என்று ஒரு கிராமம். அங்கே ஒரு ரேஞ்ச் வந்தது. 1999-ல் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போன சந்திரோ தோமர் என்கிற பாட்டி, அறுபது வயதைத் தாண்டி, தானும் பிஸ்டலைக் கையில் எடுத்தார். (2021-ல் கொரோனாவில் காலமானார்.) கை ஆடாமல் நிற்பதற்கு வீட்டில் தண்ணீர் நிரம்பிய ஜாடியைத் தூக்கிப் பிடித்துப் பழகினாராம். குண்டில்லாமல் குறி பிடித்து விசையை இழுத்துப் பழகுவது உலகம் முழுக்கப் பெரிய வீரர்களே செய்கிற காரியம். அதற்குக் காசே இல்லை. அந்த வட்டாரப் பிள்ளைகள் பலர் சுடக் கற்றது ராணுவ வேலைக்கும் போலீஸ் வேலைக்கும்தான், அதாவது அடுத்த குண்டுக்கு வேறொருவர் காசு கொடுக்கிற இடத்துக்குப் போகத்தான்.

மனை விற்ற வீட்டுப் பிள்ளையான நாரங் 2011-ல் புனேயில் கன் ஃபார் குளோரி என்று அகாடமி ஆரம்பித்தார். அதில் வளர்ந்தவர்தான் நம் இளவேனில். 2019-ல் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தங்கம் வாங்கி, ஏர் ரைபிளில் உலகத்தில் முதலிடம் வந்தார். சென்னை பக்கம் இருப்பவர்களுக்கு எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. நடிகர் அஜித் போய்ச் சுடுகிற இடம் என்றால் பிள்ளைகளுக்கு உடனே தெரியும். 2021-லும் 2022-லும் மாநிலப் போட்டிகளில் அவர் பதக்கம் வாங்கினார். கல்லூரிப் பிள்ளைகளுக்கு என்.சி.சி. இருக்கவே இருக்கிறது. சிட்னி ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்று வரை போன அஞ்சலி பாகவத் மும்பையில் அப்படி என்.சி.சி.யில் ஆரம்பித்தவர்தான். அங்கே ரைபிளும் குண்டும் சர்க்கார் செலவு.

வீட்டில் பிள்ளை நச்சரித்தால் ஒன்று சொல்கிறேன். முதல் ஆறு மாதம் எதுவும் வாங்காதீர்கள். கிளப் துப்பாக்கியில் சுடட்டும், பெல்லட்டுக்கு ஆகிற காசை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள் விசையும் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, போட்டி ரைபிள்கள் அதற்குள்தான் வரும். பிறகும் ஆசை நின்றால் பழையது வாங்கலாம். வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் ஜாக்கெட்டும் கிளப்பில் கை மாறிக்கொண்டே இருக்கும். பழைய ரைபிள் பார்க்கும்போது மரத்தையும் பெயின்ட்டையும் பார்த்து மயங்காமல், முன்னால் மாட்டியிருக்கும் காற்று சிலிண்டரைத் திருப்பிப் பாருங்கள். அதில் தயாரித்த தேதி அச்சடித்திருக்கும், காலாவதி ஆன சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். புது சிலிண்டர் என்ன விலை என்று விசாரித்து, அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.